ஒரே ஒரு விண்டோ

பிரின்சியைப் பத்திச் சொல்லணும்னா என் மானம்தான் முதல்ல போவும். போவட்டும்.

பொன்னேரியிலருந்து தினம் ட்ரெயின் புடிச்சு கும்மிடிப்பூண்டிக்கு வர்ற பொண்ணு. எங்க கம்பெனி டிஸ்பாட்ச்ல லாரிக்கு பில் போடற கான்ட்ராக்ட் வேலை. அவங்க ஊட்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்த முதல் ஆளு அதுதான். நான் துளசிராமன், அங்க சர்வர் பாத்துக்கறவன். வாய் கொஞ்சம் நீளம்.

ரெண்டு மாசமா காலை ஷிஃப்ட் மாறறப்போ பில் ஸ்கிரீன் அப்படியே நின்னுடும். கேட்ல லாரி வரிசை கட்டிடும். ஒரே நேரத்துல நூறு கனெக்‌ஷனுக்கு மேல சர்வர் விடாது, அதான் பேஜாரு. சர்வர் செட்டிங் எல்லாம் எழுதியிருக்கற கான்ஃபிக் ஃபைலைத் தொறந்தேன், மேலயே இருந்துச்சு கனெக்‌ஷன் எத்தினின்னு சொல்ற வரி. என்ன போட்டிருக்குன்னுகூட பாக்காம முந்நூறுன்னு மாத்தினேன், சர்வரை ரீஸ்டார்ட் பண்ணேன், முடிஞ்சுதுன்னு நாஷ்டா துண்ணப் போய்ட்டேன்.

மறுநாளும் நின்னுச்சு. மேனேஜர் சந்திரமோகன் எல்லாரையும் நிக்க வெச்சுக்கினு காரணம் கேட்டாரு. என் வேலைல தப்புன்னு ஒத்துக்க எனக்கு வாய் வருமா? இந்தப் பொண்ணுதான் சார், பத்துப் பத்து விண்டோ தொறந்து வெச்சுக்கினு கனெக்‌ஷனை எல்லாம் புடிச்சுக்குதுன்னுட்டேன்.

"நான் ஒரு விண்டோதான் சார் வெச்சிருப்பேன். ஒருவாட்டி வந்து பாருங்க சார்"னுச்சு. நான் பாக்கல. அந்த வாரமே அதுக்கு கான்ட்ராக்ட் முடியுது. திங்கக்கிழமையிலருந்து வர வேணாம்னுட்டாங்க.

திங்கக்கிழமை அது இல்ல. ஸ்கிரீன் நின்னுச்சு.

அப்பதான் ஃபைலை அடிவரைக்கும் பாத்தேன். கடைசியில அதே செட்டிங் இன்னொருவாட்டி, நூறுன்னு. ஒரே செட்டிங் ரெண்டு இடத்துல இருந்தா சர்வர் ஒரு வார்த்தை சொல்லாது, கடைசியா இருக்கறதை எடுத்துக்கும். பழைய வரியைத் தொடாம அடியில புதுசா எழுதி, பக்கத்துல பேரும் தேதியும் போடறது எங்க வழக்கம். போட்டிருந்துச்சு: துளசி, ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி, 'தற்காலிகம்'. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம். என் மூஞ்சில நானே துப்பிக்கணும் போல இருந்துச்சு.

அந்த வரியை அழிச்சுட்டா ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் மறைக்கணும், ஒரு நிமிஷம் அழிக்கலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கினு மேனேஜர்கிட்ட போய், என் தப்பு சார், அந்தப் பொண்ணைக் கூப்புடுங்கன்னேன்.

வந்துச்சு. எல்லார் எதிர்லயும் மன்னிச்சுடும்மான்னேன். பரவால்ல சார்னுச்சு. ஆனா இன்னிக்கும் நான் டிஸ்பாட்ச் பக்கம் போனா, கேக்காமலே ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டுது.

"ஒண்ணுதான் சார் தொறந்திருக்கு."