விழிஞ்ஞத்தில் எனக்கு விழுந்த பங்கு

பாலராமபுரத்தின் தறிச் சத்தம் பின்னால் தேய்ந்துகொண்டே வந்தது. தோளில் ஒரு துணிப்பை. காலை ஆறரை மணி. அங்கிருந்து விழிஞ்ஞம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். பஸ் இருந்தது; நடந்தால் யோசிக்கலாம் என்று நடந்தேன். யோசித்ததில் ஒன்றும் தெளியவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சூரத் சாயப்பட்டறை, பெல்லாரி ஓட்டல் என்று சுற்றிவிட்டு, இருபத்திரண்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் ஒன்றில் சேர்ந்தேன். திருவனந்தபுரம் ஜில்லாவுக்கு ஊழியத்துக்கு அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் மலையாளப் பிரசங்கத்தைச் சனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஏற்றுக்கொண்டார்களா, பரிதாபப்பட்டார்களா, எனக்குப் பிடிபடவே இல்லை.

முந்தின நாள் மாலை, கூடத் தங்கியிருந்த மூத்த ஊழியக்காரர் சொல்லிவிட்டார். "தம்பி, கடற்கரைப் பக்கம் போய்ப் பாரு. ஒரு வீட்டுலயாவது உக்காந்து ஜெபம் நடத்திட்டு வா. முடியலேன்னா ஞாயித்துக்கிழமை ஊருக்கு ரயிலேறு."

ஊரில் எனக்கென்று வீடு கிடையாது. அது அவருக்குத் தெரியாது.

முக்கோலாவில் டீ குடித்தேன், ஒன்றரை ரூபாய். கடைக்காரர் பைக்குள் தெரிந்த வேதப்புத்தகத்தைப் பார்த்தார்.

"கடப்புறத்துக்கா? அங்க எல்லாரும் பண்டே கிறிஸ்தியானிகள் அல்லே?"

கடற்கரைக்காரர்கள் முன்பே கிறிஸ்தவர்கள் என்று மிஷனில் யாரும் சொல்லியிருக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு நடந்தேன்.

எட்டரைக்குக் கடல் வந்தது. ஒரு பக்கம் மசூதி, மறுபக்கம் மாதா கோவில், நடுவே மணல். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள், குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டு, கரைக்கு இழுத்தார்கள். ஒரு வரிசையில் ஆள் குறைவாகத் தெரிந்தது. பேச்சுக்கு ஒரு வழி கிடைக்கும் என்று சட்டையைக் கழற்றிவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பத்ரோஸ் என்பவன் மட்டும் திரும்பி, "கையால இழுக்காதே மக்களே, இடுப்பால இழு" என்றான்.

வலை ஏறுவதற்குள் உள்ளங்கை உரிந்துவிட்டது. நெத்திலி நிறைய, பாசி அதைவிட நிறைய. வலைக்குச் சொந்தக்காரரின் பங்கு தனியே போக, இழுத்தவர்களுக்கு மணலில் குவியல் குவியலாகப் பிரித்து வைத்தார்கள். என் முன்னாலும் ஒரு குவியல் விழுந்தது.

"எனக்கு வேண்டாங்க. நான் ஊழியத்துக்கு வந்தவன்" என்றேன். முழுநேர ஊழியக்காரன் வேறு கூலி வாங்கக் கூடாது என்பது எங்கள் மிஷனின் சட்டம். மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வாங்காவிட்டால் இங்கே நல்ல பெயர் கிடைக்கும் என்றும் நினைத்தேன்.

வலைக்காரர் மட்டும் சிரித்தார். "நல்ல பையன். நாளையும் வா, கேட்டியா?"

மற்றவர்களின் முகம் மாறியது. பத்ரோஸ் என் பையைத் தூக்கி என் நெஞ்சில் அழுத்தினான். "ஓய் உபதேசி, நீ சும்மா இழுத்தா நாளைக்கு இந்த ஆளு எங்களையும் சும்மா இழுக்கச் சொல்லுவாரு. மீனை எடு. இல்லேன்னா எடத்தைக் காலி பண்ணு."

"ஏசுவைப் பத்திச் சொல்லத்தான் அண்ணே வந்தேன்."

"எங்க அப்பனோட அப்பனுக்கே மாமோதீசா கொடுத்தாச்சு, உங்க பாஷையில ஞானஸ்நானம். ஏசுவை எங்களுக்கு அறியும். உன்னைத்தான் அறியல."

நான் எடுக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. குவியலை அங்கேயே விட்டுவிட்டுப் பாறை நிழலில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க ஜெபித்தும் பசி கூடியதுதான் மிச்சம்.

வெயில் தாழ்ந்ததும், மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு ஒரு பெண் வந்தாள். பத்ரோஸின் மனைவி பிலோமினா. "இங்க கெடந்து காயாதே. வீட்டுக்கு வா" என்றாள்.

போனேன். ஓலைக்கூரை, சுவரில் மாதா படம். நான் உட்கார்ந்ததும் ஜெபமாலை தொடங்கியது. ஆக, ஒரு வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்துவிட்டேன், நடத்தியது பிலோமினா. எங்கள் சபையில் மாதாவிடம் வேண்டுவதில்லை. எழுந்து போவதா, வாயசைப்பதா என்று விளங்காமல் கடைசி மணி உருளும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் வந்தன. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

"கறி எப்படி?" என்றான் பத்ரோஸ்.

"நல்லாருக்கு அண்ணே."

"நீ விட்டுட்டுப் போன பங்குதான் அது" என்றாள் பிலோமினா. "மிச்சத்தை வித்து, காசு உன் பையில போட்டாச்சு."

பத்ரோஸ் சிரித்துப் புரையேறி, அவளிடம் முதுகில் அடி வாங்கினான்.

நான் விருந்து சாப்பிட்டவனா, கூலி வாங்கியவனா? பாலராமபுரத்துக்குப் போய் என்னவென்று சொல்வது? அந்த வீட்டுப் பாயில் படுத்துக்கொண்டு யோசித்தேன். எந்தப் பக்கமும் பிடி கிடைக்கவில்லை. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

மறுநாள் காலை வலைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்டார். "இன்னிக்கும் சும்மாதானே?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"பங்குக்கு" என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புது ஆளுக்குக் கயிறு சுருட்டுற ஜோலி. அரைப் பங்கு."

வலை ஏற்றிய வள்ளம் கடலுக்குள் கிளம்புமுன் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எங்கள் சபையில் அந்தப் பழக்கமும் கிடையாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். கரையில் விட்டுப்போகும் கயிற்றின் நுனியைப் பத்ரோஸ் அந்தக் கையில் திணித்தான்.