ஐந்து கோட்டுக்கு மேல் ஏறாத பாட்டுகள்

என் தங்கை எங்கள் ஊர் பேண்டின் கண்டக்டர். இதைச் சொன்னதும் "எந்த ரூட்டு?" என்று கேட்டவர்கள் உண்டு. டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் இல்லை. ட்ரம்பெட், கிளாரினெட், யூஃபோனியம், டிரம் என்று ஒரு மன்றம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஊத, எதிரே கையில் குச்சியோடு நின்று அவர்களை நடத்துகிறவள். பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அங்கே அவளை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. மாலையில் அவள் கை உயர்ந்தால் அத்தனை பேரும் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது பக்கத்து நாற்காலிக்காரரிடம் "என் தங்கச்சி" என்று சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

நான் பூட்டு, சாவி வேலை செய்கிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். அவள் படிக்கட்டும் என்று நான் விட்டுக்கொடுத்ததாக வீட்டில் சொல்வார்கள். உண்மையில் எனக்குக் கணக்கு வரவில்லை. எப்படியோ, அவள் படித்தாள். இசைத்தாளைப் பார்த்ததும் பாட்டு காதில் விழும் அளவுக்குக் கற்றாள்.

எங்கள் பேண்டில் ஒரு வழக்கம். குச்சி யார் கையில் இருக்கிறதோ, இசைத்தாள் வைக்கும் பீரோவின் சாவியும் அவர் கையில்தான். எந்தக் கச்சேரிக்கு எந்தப் பாட்டு என்று அவர்தான் எடுப்பார். அது லேசான வேலை இல்லை என்பதைச் சாப்பாட்டு மேஜையைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் நான் சொல்ல முடியும். ஒரு பாட்டு என்றால் ஒரு கட்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள். பாட்டு அழகாக இருந்தால் மட்டும் போதாது. புதிதாகச் சேர்ந்தவர்களால் வாசிக்க முடியுமா, இல்லாத கருவிக்கு எழுதியதை யார் வாசிப்பது, மன்றத்தின் எதிரொலி தாங்குமா என்று எல்லாம் பார்க்க வேண்டும். "ரெண்டு பெரிய பாட்டை அடுத்தடுத்து வச்சா ஊதுறவங்க உதடு செத்துடும் அண்ணா" என்பாள்.

சந்தேகம் என் கடை வாசலுக்கு வந்தது ஒரு சாவியோடு. கிளாரினெட் வாசிக்கும் டீச்சர் வீட்டுச் சாவிக்கு நகல் எடுக்க வந்தார். மிஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "உங்க தங்கச்சி ரொம்பத் திறமைசாலிங்க" என்றார். இப்படி ஆரம்பித்தால் பின்னாலேயே ஒரு 'ஆனா' வரும். வந்தது.

"ஆனா, கொஞ்ச நாளா எடுக்கிற பாட்டுல எல்லாம் யூஃபோனியத்துக்குத்தான் யோகம். நல்ல மெட்டு எல்லாம் அங்கதான் போகுது. நான் ஒண்ணும் தப்பா சொல்லல."

தப்பாகத்தான் சொன்னார். யூஃபோனியம் என்பது குழந்தையை மடியில் வைத்திருப்பதுபோல் அணைத்து ஊதும் பெரிய பித்தளைக் கருவி. எங்கள் பேண்டில் அதை வாசிப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவர். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாது. என் தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. என் தொழில் அப்படி. கதவைத் திறந்துகொடுக்கக் கூப்பிடுகிற எவரையும் "இது உங்க வீடுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை அவிழ்ப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் மேஜையில் கட்டுகளைப் பரப்பியிருந்தாள். பேண்டு வாசிக்கும் ஊர் மன்றக் கூடத்தைப் புதுப்பித்திருந்தார்கள். திறப்பு விழாவில் பேண்டின் கச்சேரி. அதற்குப் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே ஒரு பழைய பூட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளைக் கவனித்தேன்.

எனக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. ஐந்து கோடு, அதில் புள்ளிகள், அவ்வளவுதான். ஆனால் புள்ளி ஏறுவதும் இறங்குவதும் சாவிப்பல் மாதிரிதான் எனக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு கட்டிலும் முதலில் ஒரே தாளைத்தான் உருவினாள். கோடுகளுக்கு மேலே இருக்கும் வெள்ளையில் விரலை ஓட்டினாள். புள்ளிகள் ஐந்து கோட்டையும் தாண்டி மேலே ஏறியிருந்தால் கட்டு நாற்காலிக்குப் போனது. ஏறாமல் இருந்தால் யூஃபோனியம் தாளை எடுத்து முணுமுணுத்துப் பாடிப் பார்த்து மேஜையில் வைத்தாள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய், முதலில் உருவும் தாளின் தலைப்பை எட்டிப் பார்த்தேன். முதல் ட்ரம்பெட்.

"பாப்பா, மேல ஏறுற பாட்டெல்லாம் நாற்காலிக்குப் போகுதே, ஏன்?"

அவள் விரல் நின்றது. "நீ எப்ப நோட்ஸ் படிக்கக் கத்துக்கிட்ட?"

"சாவிப்பல்லு பாக்கிறவனுக்கு மேடு பள்ளம் தெரியாதா? ட்ரம்பெட்டை அமுக்கிட்டு அந்தக் கண்ணாடிக்காரரைத் தூக்கி விடுறியா?"

என்னைப் பார்த்துச் சிரித்தாள். சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "உங்க அண்ணன் ரெண்டு தடவை அந்தக் கடைக்குப் போய் கண்ணைக் காட்டிட்டு வந்துட்டார். பார்வை நல்லாத்தான் இருக்காம். சந்தேகத்துக்குத்தான் பவர் ஏறிடுச்சு."

"அண்ணி, அண்ணனுக்கு ஒரு நல்ல கறுப்புக் கண்ணாடியா வாங்கிப் போட்டு விடுங்க."

"பேச்சை மாத்தாத" என்றேன். "யாருக்காகவாவது செய்றியா இல்லையா?"

அவள் சிரிப்பு அடங்கியது. "இல்லன்னு சொன்னா பொய்யாயிடும். ஆனா நீ நினைக்கிற ஆள் இல்ல. இதுக்கு மேல கேக்காத அண்ணா."

கேட்காதே என்றால் அது எனக்குள் இன்னும் பெரிதாகும் என்று அவளுக்குத் தெரியாதா?

முதல் ட்ரம்பெட் வாசிப்பவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். என் தங்கை பேண்டில் சேர்வதற்கு முன்பிருந்தே முதல் நாற்காலி அவருடையது. ஓர் அணிவகுப்புப் பாட்டு உண்டு. அதன் நடுவில் எல்லோரும் அடங்கிவிட, ட்ரம்பெட் மட்டும் தனியாகப் படி படியாக மேலே ஏறி உச்சியில் நிற்கும். அதை அவர் ஊதினால் கூட்டம் எழுந்துவிடும். திறப்பு விழாவுக்கு அதைத்தான் வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். தங்கை அதை எடுக்கவில்லை. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லத் தொடங்கினார்: "டிரைவர் இல்லாம கண்டக்டரே பஸ் ஓட்டிடலாம்னு பாக்கிறாங்க. எல்லாம் பின் சீட்டுல ஒருத்தரைச் சொகுசா உக்கார வைக்கத்தான்."

பிறகு பேண்டின் செயலாளர் என் கடைக்கு வந்தார். பீரோவுக்குப் புதுப் பூட்டு போட வேண்டுமாம்.

"பழசு நான் மாட்டினதுதான். நல்லாத்தானே இருக்கு?"

அவர் கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. இனிமே பாட்டு எடுக்கிறது கமிட்டின்னு ஆயிடும் போலிருக்கு. ரெண்டு சாவியும் என்கிட்ட இருக்கணும்னு சொல்றாங்க. நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது. ஊர்ல வேற நல்ல பூட்டுக்காரர் இல்ல."

தங்கையின் கையிலிருந்து சாவியைப் பிடுங்க அண்ணனையே பூட்டு மாட்டச் சொல்கிறார்கள். முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றிருப்பேன். ஆனால் அந்த மன்றத்துக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சரி என்றேன்.

வீட்டில் சொன்னதும் அவள், "சாவி போனா குச்சியையும் வச்சிடுவேன். மத்தவங்க எடுத்த பாட்டுக்குக் கையாட்ட நான் என்ன டிராஃபிக் போலீஸா?" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். தட்டில் போட்டதை மட்டும் கடைசிவரை அளைந்துகொண்டே இருந்தாள். இரண்டு வார்த்தையில் விளக்கினால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு எதற்கு இந்தப் பிடிவாதம்? அந்தக் கண்ணாடிக்காரர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்பே போனேன். பீரோ இருப்பது மேடைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில். பழைய பூட்டைக் கழற்றி, துருவைத் தட்டி, துளையைத் துடைத்துப் புதியதைப் பொருத்தினேன். கடைசித் திருகாணியை முறுக்கும்போது மன்றத்தில் ட்ரம்பெட் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். டிரைவர். சுவரைப் பார்த்து நின்று ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த அணிவகுப்புப் பாட்டின் ஏறும் இடம். ஒரு படி, இரண்டு படி, மூன்று படி. உச்சிக்குக் கீழே சத்தம் பிளந்து காற்றாகப் போனது. மறுபடி ஊதினார். அதே இடம். மறுபடி. பல் தேய்ந்த சாவி பூட்டுக்குள் பாதி திரும்பி வழுக்கும் இல்லையா, அப்படி. பிறகு அவர் கருவியை நாற்காலியில் வைத்தார். திரும்பி நின்று வாயில் கை வைத்து எதையோ கழற்றினார். கைக்குட்டையில் துடைத்து மறுபடி மாட்டினார். முன்பல் செட்டு. மாட்டியதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து மீண்டும் ஊதினார். மீண்டும் பிளந்தது.

நான் திருப்புளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

தங்கை பின்வாசல் வழியாக வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மன்றத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டாள். உடனே கதவைச் சாத்தினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"போன கச்சேரிக்கு முன்னாலயே. காது இருக்குல்ல."

"அப்ப அவர்கிட்டயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? உன்னைப் பத்தி என்னெல்லாம் பேசறார்!"

"பேசட்டும். முன்பல்லு உறுதியா இல்லாம உச்சி எட்டாது. ஆனா பல்லு போச்சுன்னு யார்கிட்டயும் அவர் சொல்லல. அவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? மேல ஏறாத பாட்டா எடுத்தா, அவரு நாற்காலியிலேயே இருப்பாரு. மெட்டு எங்கயாவது போகணும்ல, யூஃபோனியத்துக்குப் போச்சு. அவ்வளவுதான்."

"அதுக்காக உன் குச்சியை விட்டுடுவியா?"

"நீ வாயைத் தொறந்த, அண்ணன்னு பாக்க மாட்டேன்."

கூட்டம் நீளவில்லை. டிரைவர் எழுந்தார். "கண்டக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பாட்டு ஏன் வேணாம்? ஊரே கேக்குற பாட்டு."

"இந்தத் தடவை வேற வைக்கலாம்னு தோணுச்சு" என்றாள்.

"யாருக்காகத் தோணுச்சு?"

கிளாரினெட் வரிசையில் யாரோ இருமினார்கள். கண்ணாடிக்காரர் காதுவரை சிவந்து, யூஃபோனியத்தின் வாய்க்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கினேன்.

செயலாளர் நல்லது செய்வதாக நினைத்து, "எதுக்குச் சண்டை? இப்பவே அந்தப் பாட்டை வாசிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். என்னைப் பீரோவைத் திறக்கச் சொல்லி, அந்தக் கட்டை எடுத்துத் தாள்களைக் கொடுத்துவிட்டார். டிரைவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்?

தங்கை குச்சியை உயர்த்தினாள். பாட்டு ஜோராகத் தொடங்கியது. ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. டிரைவர் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார். மூச்சை இழுத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

அவள் கை சட்டென்று கீழே விழுந்தது. "கிளாரினெட்! தாமதம். முதல்லருந்து."

மறுபடி வாசித்தார்கள். அதே இடம் வந்தது. டிரைவர் மூச்சை இழுத்ததும், "கிளாரினெட்! இப்ப அவசரம். முதல்லருந்து."

டீச்சர் முகம் கடுத்தது. "நாங்க சரியாத்தானே வாசிச்சோம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நிறையப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவளுக்கு இந்தப் பாட்டை நடத்தவே தெரியாது, அதனால்தான் எடுக்கவில்லை என்று ஒரு புதுச் சந்தேகம் அந்த மன்றத்தில் பிறப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள். குச்சியை மறுபடி உயர்த்தினாள்.

மூன்றாம் முறையும் அந்த ஏறுமிடத்தின் வாசலில் நிறுத்தியபோது டிரைவர் ட்ரம்பெட்டை மெல்ல மடியில் இறக்கினார். அவளையே பார்த்தார். அவள் தாளைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புது மன்றத்துல எதிரொலி ஜாஸ்தியா இருக்கு" என்றார் டிரைவர். "இந்தப் பாட்டு இங்க எடுபடாது. கண்டக்டரம்மா எடுத்ததையே வாசிச்சிடலாம்."

"நீங்கதானே இதைக் கேட்டீங்க?" என்றார் செயலாளர்.

"கேட்டேன். இப்ப வேணாங்கிறேன். வண்டியைத் திருப்பக் கூடாதா?" எழுந்து வந்து என் கையிலிருந்த புதுச்சாவிகளை வாங்கி, அவள் தாள் வைக்கும் பலகையில் வைத்தார். "சாவி இங்கயே இருக்கட்டும்."

கச்சேரி நன்றாக நடந்தது. அவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து கோட்டுக்குள் அழகாக வாசித்தார். பிறகு ஒருநாள் அவரே ட்ரம்பெட்டை விட்டுப் பெரிய டிரம்முக்கு மாறிக்கொண்டு, பல் கதையை எல்லோரிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். இதை நான் எழுதவும் சம்மதம் கொடுத்தார். கிளாரினெட் டீச்சர் மட்டும் அன்று வாங்கிய திட்டை இன்னும் மன்னிக்கவில்லை. தங்கை போன மாதம் புதுக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள். பழையது நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கலைந்தபின் டிரைவர் பின்னறைக்கு வந்தார். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"பூட்டுக்காரரே, நீங்க எப்ப வந்தீங்க?"

"எல்லாரும் வந்தப்பதான். அதுக்கு முன்னாடி இல்ல."

அவர் புதுப் பூட்டைப் பார்த்தார். துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பழைய பூட்டைப் பார்த்தார். கீழே ஒரு துளி இரும்புத்தூள்கூட இல்லாமல் நான் பெருக்கி வைத்திருந்த தரையைப் பார்த்தார்.

"உங்க வேலை சுத்தம்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். "இவ்வளவு வேகம்னு தெரியாது."

தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.