தலைமையாசிரியர் பெற்ற திகதி

பிள்ளையள், உங்கட அப்பாவும் ஒருநாள் வாத்தியாராக இருந்தவர். ஊரில் ஓ.எல். பள்ளிச் சோதனையோடு படிப்பை நிப்பாட்டின மனிசன், பட்டம் பெற்ற நேர்ஸ்மாருக்கு இரத்த ரியூப்பில் லேபல் ஒட்டப் படிப்பித்தவர். என்னைத்தான் சொல்லுறன், சிரிக்காதேங்கோ.

இந்த வெள்ளைக்கார நாட்டு ஆஸ்பத்திரி லாப்பில் என் வேலை, வார்டுகளிலிருந்து வருகிற ரியூப்புகளை வாங்கி, லேபல் பிழையென்றால் திருப்பி அனுப்புவது. ஆரும் நன்றி சொல்லாத உத்தியோகம். லேபல் ஒட்டுகிற முறை மாறினபோது, அதிகம் திருப்பி அனுப்பின ஆளே போய்ப் படிப்பிக்கட்டும் என்று மேலதிகாரி தீர்மானித்தார். ‘என்னைக் கேளுங்கள், உதவுவேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதின ஊதாச் சட்டை ஒன்றும் தந்தார்.

புது முறை இதுதான். நோயாளி தன் வாயாலேயே பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லவேண்டும். நாங்கள் சொல் எடுத்துக் கொடுக்கக்கூடாது. அவர் மணிக்கட்டில் கட்டியிருக்கிற கைப்பட்டியோடு ஒத்துப் பார்த்து, இரத்தம் எடுத்து, கட்டிலடியிலேயே லேபலை ஒட்டவேண்டும். ஊசி பிடிக்கவே தெரியாத நான் இதை விளக்க, வருஷக்கணக்காக ஊசி பிடித்தவர்கள் மிகுந்த மரியாதையோடு கொட்டாவி விட்டார்கள். மாதிரிக்கு நானே நோயாளியாகக் கதிரையில் இருந்து என் திகதியைக் கணீரென்று சொன்னேன்.

பிறகு வார்டுச் சிஸ்ரர் என்னை உண்மையான நோயாளி ஒருவரிடம் கூட்டிப்போனார். பக்கத்து மோர்டனிலிருந்து வந்த எங்கட தமிழ் ஐயா ஒருவர், எழுபது தாண்டியவர். பின்னேரம் ஒப்பரேஷன். ஏற்கெனவே ஒருக்கால் தள்ளிப்போனது. மத்தியானத்துக்குள் அவருடைய ரியூப் லாப்புக்குப் போனால்தான் பொருந்துகிற இரத்தம் எடுத்து வைக்கலாம். இல்லாவிட்டால் இண்டைக்கும் இல்லை.

சிஸ்ரர் திகதி கேட்டார். ஐயா ஐப்பசியில் ஒரு நாளைச் சொன்னார். கைப்பட்டியில் தை, அதாவது ஜனவரி, முதலாந் திகதி. சிஸ்ரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மாணவி.

ஐயா தமிழில் கேட்டார்: “தம்பி, பிறந்ததைச் சொல்லட்டோ, பாஸ்போட்டைச் சொல்லட்டோ?”

“ஐயா, என்னட்டைக் கேக்காதேங்கோ. நான் சொல்லக்கூடாது.”

“ஏன், உமக்குத் தெரியாதோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லமாட்டீர். பிறகென்னத்துக்கு உந்தச் சட்டை?”

ஒரு சொல் போதும். அந்த அறையில் வேறு ஒருவருக்கும் தமிழ் விளங்காது. ஆனால் நான் திருப்பி அனுப்பின ரியூப்புகளில் முக்கால்வாசியும் இப்படி ஆரோ நல்ல மனசோடு எடுத்துக் கொடுத்ததால் வந்தவைதான்.

சிஸ்ரரிடம் உள்ளதைச் சொன்னேன்: “எங்கட ஆட்கள் பலருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று தாய் பெற்றது. மற்றது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று தலைமையாசிரியர் பெற்றது. அதைத்தான் பிறகு பாஸ்போட்டிலும் எழுதுவார்கள்.”

அவர் சிரிக்கவில்லை. ஐயாவிடம், “உங்கள் பாஸ்போட்டில் என்ன திகதி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். ஐயா தை முதலாந் திகதியை வருஷத்தோடு சொன்னார். சிஸ்ரர் விலாசமும் கேட்டார், அதுவும் சரி. ரியூப் நேரத்துக்கு லாப்புக்குப் போனது. பின்னேரம் ஐயாவையும் ஒப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போதும் என் சட்டையைத்தான் பார்த்தார்.

“காலையில் கதிரையில் இருந்து நீங்கள் சொன்னது எந்தத் திகதி?” என்று சிஸ்ரர் கேட்டார்.

“தலைமையாசிரியருடையது,” என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

ஆகவே பிள்ளையள், நீங்கள் வருஷாவருஷம் மெழுகுதிரி ஏத்துகிற நாளில் நான் பிறக்கவில்லை. கேக்கில் ஒரு குறையும் இல்லை, அதை மாத்தவேண்டாம். ஆனால் நான் ஆஸ்பத்திரியில் வாய் திறக்க ஏலாமல் கிடந்தால், அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். பாஸ்போட்டைச் சொல்லுங்கோ.