மெலெசியோவின் இடது கால்

பதினொரு வருடத்தில் மெலெசியோ நாற்பத்தாறு தடவை செத்திருக்கிறான். எல்லாம் வெள்ளைக்காரர்கள், அதே மாதிரி காடும் ஆறும் இருக்கிறதென்று எங்கள் ஊர் பக்சன்ஹானுக்கு வந்து எடுத்த வியட்நாம் சண்டைப் படங்களில்தான். நானும் கூடவே செத்தவன். எதிரிச் சிப்பாய் என்றால் குப்புறத்தான் விழச் சொல்வார்கள். அவன் மனைவி பெர்பெத்துவா ஒவ்வொரு படத்துக்கும் போய்த் தேடுவாள், சேறுதான் தெரியும். கடைசியில் போவதையே விட்டுவிட்டாள். "நீ நிஜமா நடிக்கத்தான் போறியா, இல்ல வேற எங்கயாவது போறியா?" என்று ஒருநாள் கேட்டும் விட்டாள். அது அவனைச் சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு தடவை, உயிரோடு, முகத்தோடு திரையில் வந்து அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று பைத்தியமாய் அலைந்தான்.

மற்ற நாட்களில் அவன் ட்ரைசிக்கிள் ஓட்டுகிறவன். பைக்கோடு வலப்பக்கம் ஒரு கூரை போட்ட பெட்டி. அதற்குள் நான்கு பேர், ஒரு பன்றிக்குட்டி, ஒரு மூட்டை தேங்காய்.

எண்பத்தைந்தில் ஓர் இத்தாலிக்கார இயக்குநர் வந்தார். ஐந்து அமெரிக்கச் சிப்பாய்கள் பைக்கிலேயே காட்டுக்குள் புகுந்து கைதிகளை மீட்கிற கதை. ரகசியத் தாக்குதலாம்! ஒரு பைக்கிலும் சைலன்சர் கிடையாது. ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்கிற அந்தச் சத்தம் எதிரிகளான எங்களுக்கு மட்டும் கேட்கக் கூடாது. சம்பளம் வாங்கியிருந்தோம், கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஐந்தாவது சிப்பாய்க்கு வயிற்றால் போனது. பைக் ஓட்டத் தெரிந்தவன் யார் என்று இயக்குநர் கேட்க, மெலெசியோ செத்துக் கிடந்த இடத்திலிருந்து எழுந்து போய்ப் பத்தொன்பது வருட அனுபவம் என்றான். கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றிக் காமிராவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். அன்று மாலையே பெர்பெத்துவாவின் தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டான், பாவி.

பெட்டியில்லாத பைக்கில் அவன் ஏறியதே இல்லை என்பது மறுநாள் முதல் வளைவில் தெரிந்தது. பெட்டி வண்டிக்காரன் உடம்பைச் சாய்க்கமாட்டான், ஹேண்டிலை மட்டும் திருப்புவான். நேரே வாழைத்தோப்புக்குள் போனான். இரண்டாம் தடவையும் அதே தோப்பு, அதே வாழை. இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு இவன் தன் பெட்டியையே கொண்டுவந்து மாட்டினான். பச்சைப் பெயின்ட் அடித்து ஒரு மெஷின்கன்னும் வைத்ததும், அது தன் யோசனைதான் என்று இயக்குநர் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். அமெரிக்க அளவு பூட்சில் கியர் போட வராததால் மெலெசியோ தன் ரப்பர் செருப்போடு ஏறினான்.

குண்டுகள் வெடித்தன. நான் சுடப்பட்டு, ஒரு கையைத் தூக்கிச் சாக வேண்டியவன். தூக்கினேன். ரோட்டோரம் கை தூக்கியவனை விட்டுவிட்டுப் போக அவனுக்குத் தெரியாதே! பிரேக் போட்டு இடது காலை ஊன்றி நின்றான். சரி, நானாவது ஒழுங்காகச் செத்திருக்கலாம். வண்டி நின்றால் ஏறித்தானே பழக்கம்? ஏறிவிட்டேன்.

"எங்கடா இறங்கணும்?" என்றான்.

"சந்தைகிட்ட," என்றேன். கிளம்பிவிட்டோம்.

வெடியும் தீர்ந்திருந்தது, இதை இன்னொரு தடவை எடுக்கிற அளவுக்கு ஃபிலிமும் மிச்சமில்லை. இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார். ஆனால் ஹெல்மெட் கழற்றுவதை, வயிறு தேறிய அமெரிக்கனை வைத்து எடுத்துவிட்டார். மெலெசியோ இதை வீட்டில் சொல்லவில்லை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாயிருந்தது.

படம் எங்கள் ஊருக்கு வந்தபோது, பெர்பெத்துவா கோயிலுக்கு உடுத்துகிற கவுனைப் போட்டுக்கொண்டு பகல் காட்சிக்கு வந்தாள். அரங்கு முழுக்க எங்கள் ஊர்ப் பிணங்கள். வண்டி நின்றது, கால் ஊன்றியது, நான் ஏறினேன். பின்னால் வயலின் அழுதது. எதிரிக்கும் இரங்குகிற கருணையாம்! அடுத்து ஹெல்மெட் கழன்றது. பொன்னிற முடி. எல்லோரும் மெலெசியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

பெர்பெத்துவா எழுந்து நின்றாள். "மூஞ்சி எவனோடதோ இருக்கட்டும். அந்தக் காலு என் வீட்டுக்காரரோடது. செருப்பு வார்ல இருக்கிற ஊக்கு நான் குத்தினது."

விசில் அடங்க நேரமாயிற்று. வெளியே வந்ததும் அவள் பச்சைப் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, "அடுத்த படத்துல வலது காலையும் காட்டச் சொல்லுய்யா," என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். நானும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும், கை தூக்கினேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் நிற்காமல் போனான்.