கோல் தாண்டிய தீவு

சுவரில் தொங்கும் அந்தத் துணி வரைபடத்தை விரித்ததும் கோந்தும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு மணம் வகுப்பு முழுக்கப் பரவும். கிரேக்க நாடே அப்படித்தான் மணக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அறுபதுகளின் கடைசி, கொலோன் நகரம், எனக்குப் பத்து வயது. கப்பல் வேலையை விட்டுக் கரையேறிய அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலையில் 'பின்நேர ஷிஃப்ட்' பார்த்ததால் அந்த வேளையில் வீட்டில் ஆளில்லை. மேல்மாடிக் கிரேக்கக் குடும்பத்து அம்மா தன் மகள் எலேனியோடு என்னையும் மாலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாள். ஜெர்மனியில் வளரும் கிரேக்கப் பிள்ளைகளுக்குத் தாய்நாட்டின் வரலாறும் புவியியலும் சொல்லித்தரும் பள்ளி அது. எலேனியோடு விளையாடியே எனக்குக் கிரேக்கம் பிடிபட்டிருந்தது. ஆறுகளையும் மலைகளையும் போர்களையும் அவர்களோடு சேர்ந்து நானும் ஒப்பித்தேன்; என் நாடான இலங்கையைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது.

தீவுகளைச் சொல்லும்போது வாத்தியாரின் கோல் ஆந்த்ரோசிலிருந்து சீரோசுக்குத் தாவும். இடையில் ஒரு புள்ளி இருந்தது. கியாரோஸ். கிரேக்கத்தில் அப்போது இராணுவ ஆட்சி. எதிர்த்தவர்களை அந்த வறண்ட தீவில் அடைத்திருந்தார்கள், எலேனியின் சித்தப்பாவும் அங்கேதான். பள்ளியைப் பார்க்க அந்த ஆட்சியின் அதிகாரி ஒருவர் வருகிறார் என்றதும், "நான் அந்தப் பேரைச் சொல்லத்தான் போறன்" என்று எலேனி மூக்குச் சிவக்கச் சத்தியம் செய்தாள். தகப்பன் அவள் காதைத் திருகினார். அவருடைய கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கிரேக்கத் தூதரகத்துக்குப் போயிருந்தது. அது திரும்பாவிட்டால் ஜெர்மனியில் தங்க அனுமதியில்லை, வேலையில்லை, ஊருக்குப் போனால் அவருக்கும் அதே தீவு.

வந்த அதிகாரி எலேனியைத்தான் எழுப்பினார். கோலை வாங்கினாள், ஆந்த்ரோஸ் என்றாள். கோல் அந்தப் புள்ளிக்கு மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்து போய் அதைப் பிடுங்கி, படம் கிழிய ஒரு குத்துக் குத்தினேன்.

"இது கியாரோஸ். இங்கை ஆக்களை அடைச்சு வைச்சிருக்கினம்."

அதிகாரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "நீ எந்த ஊர்?"

"பருத்தித்துறை."

"எந்தப் பக்கம்?"

"வடக்கு."

என் கறுத்த முடியும் கிரேக்கப் பேச்சும் அவரை ஏமாற்றியிருக்க வேண்டும். ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வடகிரேக்கத்தை மக்கெதோனியாவிலிருந்து திராக்கியா வரை விரலால் தடவித் தேடினார். முதலில் எலேனிதான் சிரித்தாள், பிறகு வகுப்பே சிரித்தது. வாத்தியார் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் வாத்தியார் வாசலிலேயே என்னை மறித்தார். "இனி நீ இங்கை வர ஏலாது, பிள்ளை. ஏனெண்டு கேட்டால், படத்தைக் கிழிச்சதுக்கு எண்டு சொல்லு."

"ஊரிலை உள்ள சண்டை காணாதெண்டு இவள் கிரேக்கத்துச் சண்டையையும் இழுத்துக்கொண்டு வாறாள்" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டார். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "தேடட்டும், நல்லாத் தேடட்டும்" என்று மட்டும் சொன்னார். எலேனியின் தகப்பனுக்குக் கடவுச்சீட்டு திரும்பி வந்தது.

என் படிப்பு எந்தப் பள்ளியிலும் முடியவில்லை. ஓட்டல்களிலும் கப்பல்களிலும் பாத்திரம் கழுவி நாடு நாடாகத் திரிந்தேன். ஒருமுறை கியாரோசையும் கடந்து போனேன்: ஆளற்ற பழுப்புப் பாறை. அந்த ஆட்சி விழுந்து நெடுங்காலமாகிவிட்டது. மாலைப் பள்ளி இருந்த இடத்தில் இன்று கைபேசிக் கடை. படமும் போய்விட்டது, நான் போட்ட ஓட்டையும் போய்விட்டது. படிவத்தை நீட்டி எந்த ஊர் என்று கேட்கும் மேசைகள் மட்டும் எந்த நாட்டிலும் குறையவில்லை. பருத்தித்துறை, வடக்கு என்கிறேன். தேடட்டும்.