கிடைக்காத துப்பாக்கி

தேனிப் பக்கம் கூடலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில் கடலை போட்டிருந்தேன். காட்டுப்பன்றிகள் இறங்கினால் விடிவதற்குள் ஏர் ஓட்டியதுபோல் கிளறிப் போட்டுவிடும். வேலியில் சேலை கட்டினேன், தகரம் தட்டினேன், பட்டாசு வெடித்தேன். நாளடைவில் அதெல்லாம் அவற்றுக்குத் திருவிழாவாகிவிட்டது. போன போகத்தில் விதைக்கடலைகூட மிஞ்சவில்லை. இதுவும் போனால் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை. அதனால்தான் பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டேன். பன்றியைச் சுடுவதற்கல்ல, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் போதும்.

மனநலச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். அங்கேதான் இடித்தது. சில வருடங்களுக்கு முன், திராட்சை மொத்தமும் அழுகிப்போன சமயத்தில், நான் உயிரை விடப் பார்த்தவன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்ணில் பட்டதால் பிழைத்தேன். பிறகு மதுரையில் தங்கி வைத்தியம் பார்த்தோம். அதை மறைத்துவிடு என்று யோசனை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்! எனக்கு மனசு ஒப்பவில்லை. மஞ்சள்காமாலை வந்ததை மறைக்கிறோமா என்ன? தேனியில் அரசு டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நிதானமாக விசாரித்து, இப்போது நன்றாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். என்னைச் சரியான மனுசன் என்று ஒருத்தர் சொல்லிவிட்டாரே!

அடுத்து, விசாரணைக்கு ஏட்டையா வீட்டுக்கே வந்தார். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தபடி சுவரைப் பார்த்தார். வீரபாண்டித் திருவிழாவில் அவள் அக்கினிச்சட்டி எடுத்த போட்டோ அங்கே மாட்டியிருந்தது.

"என்ன வேண்டுதல் தாயி?" என்றார்.

எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்வதில்லை. மாரியாத்தாளுக்கு நேர்ந்ததை மறைப்பது பாவம்.

"இவுக மனசு தெளியணும்னுதான் ஏட்டையா. வருசா வருசம் எடுக்குறேன்."

"அதான் நல்லா இருக்காகன்னு டாக்டர் எழுதிட்டாகளே. பெறகு எதுக்கு இன்னும் எடுக்குற?"

"பயந்தான்" என்றாள்.

ஏட்டையா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. வைத்தியம் பார்த்துத் திரும்பிய புதிதில் ஊரே என்னை அப்படித்தான் பார்த்தது.

மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வெட்கத்தை விட்டு அதிகாரியிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "வீட்டுல இருக்கவுகளே பயப்படுறாக. நான் எதை நம்பிய்யா கையெழுத்துப் போடுறது?" என்றார். வரும் வழியில் கடலைக்காட்டுக்குப் போனேன். கடலையில் பாதியைக் காணோம். அறுந்த கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தினேன். "கூறுகெட்டவளே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? குடியக் கெடுத்திட்டியே!"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் ஒண்ணும் வாய் தவறிச் சொல்லல. தெரிஞ்சுதான் சொன்னேன். பன்னி தின்னா தின்னுட்டுப் போகுது. நெலம் போனா ரெண்டு பேரும் ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவோம். வீட்டுக்குள்ள துப்பாக்கிய வச்சுக்கிட்டு, உங்களத் தனியா விட்டுட்டு நான் கடைகண்ணிக்குப் போக முடியுமா?"

"எனக்குத்தான் குணமாயிருச்சே!"

"அப்பச் சத்தியம் பண்ணுங்க. கடலை மொத்தமும் போனாலும் அந்த நெனப்பு வராதுன்னு என் கையில அடிச்சுச் சொல்லுங்க. நானே வந்து அந்த அதிகாரி கால்ல விழுகுறேன்."

வலது கையை என்முன் நீட்டினாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவன் நான். கொஞ்சம் முன்னால் அந்தக் கடலைக்காட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். என்னால் அவள் கையில் அடிக்க முடியவில்லை. அவளும் கையை மடக்கவில்லை.