சீல் பிரிக்காத மெக்கானிக்

ஏற்காட்டில் வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். மகள் வாங்கித் தந்த விலை உயர்ந்த ஃப்ரிட்ஜ், சீசன் நேரத்தில் திடீரென்று குளிர்வதை நிறுத்திவிட்டது. உள்ளே அந்த வாரம் கொடுக்க வேண்டிய சாக்லேட் முழுவதும் இருந்தது. கம்பெனிக்குப் போன் செய்திருக்க வேண்டும். தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு நாக்கு எழாது. அதனால் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்து வந்தேன்.

அவர் பின்பக்கம் குனிந்து பார்த்தார். கை வைக்கவில்லை.

"ஏனுங்கக்கா, இன்னும் வாரண்டி இருக்குதுங்களே. நான் இந்த சீல் ஸ்டிக்கரப் பிரிச்சா கம்பெனிக்காரங்க அப்புறம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. அவங்களையே கூப்புடுங்க."

"போன்ல பேச எனக்கு வராதுங்க" என்றேன். முகம் சூடாகிவிட்டது.

"அட, அதுக்குத்தான் என்னையக் கூட்டியாந்தீங்களா?" என்று சிரித்தவர், என் போனை வாங்கி, "எங்க அக்கா ஊட்டு ஃப்ரிட்ஜுங்க" என்று பேச ஆரம்பித்தார். அன்றுதான் பழகியவர் அப்படிச் சொன்னதும் என் கூச்சம் பாதி போய்விட்டது.

சேலத்திலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆனது. அதுவரை என் சாக்லேட் அவர் கடை ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தது.

கம்பெனியா, வெளி ஆளா என்று யாராவது கேட்டால், வாரண்டி இருக்கும்வரை கம்பெனிதான் என்கிறேன். அது முடிந்த பிறகு யாரைக் கூப்பிடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.